கூரை இறங்கிய வண்டி

தேரோட்டிக்கு அந்தப் பெயரை வைத்தது தையல் பிரிவுப் பெண்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பதைத் தாண்டிய, நரைத்த மீசைக்காரர் ஒருவர் காலை முதல் மாலை வரை குழந்தைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரே கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் வேறு என்னதான் பெயர் வைப்பார்கள்? சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர் என்று சொல்லாமல் விட்டார்களே, அதுவே பெரிய விஷயம்.

தொழிற்சாலையின் பின்பக்கச் சன்னலில் எட்டிப் பார்த்தால் எல்லை வேலி தெரியும். சக்கரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், துணியும் அங்கிருந்தே வரும். இந்தப் பக்கத்தில் தைத்து, முடுக்கி, மாட்டி, வண்டியாக்கி மறுபடி அந்தப் பக்கமே அனுப்பிவிடுவார்கள். துறைமுகம் அங்கே, குறைந்த கூலி இங்கே. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இந்த வறண்ட வெளியில் இத்தனை பெரிய கொட்டகை முளைத்தது என்பது அதில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஒரு வீட்டில்கூட அப்படியொரு வண்டி கிடையாது. வாங்கினாலும் எங்கே ஓட்டுவது? தெருவில் பாதி பள்ளம், மீதி மோட்டார் பைக். இந்த ஊர்க் குழந்தைகள் இடுப்பிலேயே வளர்ந்து, ஒரு நாள் தாங்களாகவே இறங்கி ஓடின.

சோதனைத் தடம் கொட்டகையின் கடைசிக் கோடியில் இருந்தது. நீள்வட்டமாக ஒரு சிமென்ட் பாதை. அதில் ஓரிடத்தில் மரச்சட்டங்கள் வரிசையாகப் பதித்திருக்கும், ஓரிடத்தில் கூழாங்கல், அப்புறம் சின்ன ஏற்றம், கடைசியில் நடைபாதை விளிம்பு மாதிரி ஒரு படி. எந்தப் புது மாடல் வந்தாலும் அதன் முதல் வண்டி தேரோட்டியின் கைக்குத்தான் வரும். உருட்டிப் பார்க்க இயந்திரமும் ஒன்று இருந்தது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் உருட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கைப்பிடி நடுங்குகிறதா, வண்டி இடது பக்கம் இழுக்கிறதா, படியிறங்கும்போது தலை ஆடுகிறதா என்பதை மனிதக் கைதான் சொல்ல வேண்டும் என்று வாங்குகிற கம்பெனி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில்தான் அவருடைய பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியில் உட்காருகிற ஆளுக்குச் சின்ன முதலாளி என்று பெயர். பதினைந்து கிலோ மணல் மூட்டை. பெல்ட் மாட்ட வசதியாகத் தலை, உடம்பு, இரண்டு கால் என்று தைத்திருந்தார்கள். நாள் முழுக்க ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மற்றவன் வேர்க்க விறுவிறுக்கத் தள்ள வேண்டும் என்றால் அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முகத்தில் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்தது யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சத் துணியில் சட்டையும் குல்லாவும் தைத்துப் போட்டது மட்டும் தேரோட்டியின் மகள். அவளும் அதே தொழிற்சாலையில்தான், வண்டிகளின் மடக்குக் கூரைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

தேரோட்டி மூட்டையோடு பேசுவார். தனியாக ஒரே பாதையில் சுற்றுகிறவன் யாரோடாவது பேசாவிட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். "மேடு வருது, கெட்டியா பிடிச்சுக்கோ." "கல்லு, கல்லு... அவ்வளவுதான், முடிஞ்சுது." "படி இறங்கப் போறோம், பயப்படாதே, நான் இருக்கேன்ல." தையல் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அந்தத் தடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. இருக்கைத் துணி தொய்கிறதா என்று பார்க்க மூட்டையை வண்டியிலேயே வெகுநேரம் விட்டுவைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆளாளுக்கு அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை வைப்பதும், அதையே தலைக்கு வைத்துப் படுப்பதுமாக அட்டகாசம் செய்தார்கள். தேரோட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அறிவித்தார்: கூரையை இறக்கிவிட்டு, பிரேக்கை மிதித்துவிட்டு அவர் போனால், முதலாளி தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் கை வைக்கக் கூடாது. மீறிய ஒரு பேக்கிங் ஆளைக் கொட்டகையே அதிர அவர் திட்டிய திட்டில், அதற்குப் பிறகு மேனேஜர்கூடக் கூரை இறங்கிய வண்டியைத் தொட்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மண் விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து வருகிற சரக்குக்கு அந்தப் பக்கத்து அரசாங்கம் புது வரி போட்டது. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் யாரோ போட்ட கையெழுத்து. வேலிக்கு அந்தப் பக்கம் மளமளவென்று புதுக் கொட்டகைகள் எழும்பின. தையல் பிரிவுச் சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். நேற்று வெறும் தரையாக இருந்த இடத்தில் இன்று இரும்புத் தூண் நிற்கும். தேரோட்டியின் மாப்பிள்ளை மெஷின் மெக்கானிக். இங்கே வேலை குறைந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அங்கே கம்பெனியே தங்க இடம் கொடுக்கிறது, பிரசவத்துக்கு நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, வந்துவிடு என்று மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் போய்விட்டால் பிள்ளை அங்கேதான் பிறக்கும், அங்கேதான் வளரும். இங்கிருக்கிறவர்கள் பாஸ் வாங்கி, வரிசையில் நின்று, எப்போதாவது ஒருமுறை விருந்தாளி மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தேரோட்டிக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. புது மாடல் ஒன்று வரவிருந்தது. அதை இங்கே செய்வதா, அங்கே செய்வதா என்று வாங்குகிற கம்பெனி இன்னும் முடிவு சொல்லவில்லை. "சாம்பிள் நல்லா போச்சுன்னா நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. ஆர்டர் வந்தா போனவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்," என்று மேனேஜர் ஒரு கூட்டத்தில் சொன்னார். கூட்டத்தில் சொல்கிற பேச்சு என்று மற்றவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள். தேரோட்டி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சாம்பிள் நன்றாகப் போனால் ஆர்டர், ஆர்டர் வந்தால் மாப்பிள்ளை, மாப்பிள்ளை வந்தால் பேரப்பிள்ளை இந்த வீட்டில்.

சாம்பிள் வண்டி கைக்கு வந்த வாரம் அவர் நடையே மாறிவிட்டது. மூட்டையோடு பேசுகிற பேச்சும் கூடிப்போனது. வீட்டுக்கு வந்தும் சக்கரம், ஸ்பிரிங் என்றே பேசினார். அவர் மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "நீங்க தள்ளுற தள்ளுல கம்பெனியே இந்தப் பக்கம் நகர்ந்து வந்துடும் போலிருக்கே," என்றாள். அவளுக்கும் ஆசைதான். அதைக் கிண்டலாகத்தான் அவளுக்குச் சொல்ல வரும்.

சாம்பிளை மடக்காமல், முழு வண்டியாகவே மரப்பெட்டியில் வைத்து மறுநாள் எல்லை தாண்டி அனுப்புவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலத்தின் கடைசிச் சுற்று. ஏற்றம் ஏறி, படியிறங்கி, தேரோட்டி வண்டியை நிறுத்தும்போது தையல் பிரிவிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டா!"

அவருக்குக் கை கால் ஓடவில்லை. பழக்கம் மட்டும் ஓடியது. காலால் பிரேக்கை மிதித்தார், கையால் கூரையை இறக்கினார், ஓடினார்.

மகள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லப்பா. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் விட்டுவிடுகிறவரா அவர்? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. வீட்டில் அவள் படுத்திருக்க, கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி தெரியக் கூடாதென்று திரும்பிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தடத்துக்குப் போனவர் சின்ன முதலாளியைத் தேடினார். மேசைக்கு அடியில் இல்லை. அலமாரியில் இல்லை. தையல் பெண்கள் விளையாட்டாக ஒளித்துவைத்திருப்பார்கள் என்று அங்கே போய் அதட்டிப் பார்த்தார். அவர்கள் சத்தியம் செய்தார்கள். அப்புறம் பேக்கிங் பிரிவுக்குப் போய், ராத்திரி ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த சூப்பர்வைசரைப் பிடித்தார்.

"சாம்பிள் வண்டியில மூட்டை இருந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கூரையைத் தூக்கிப் பார்க்கலையா?"

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கூரை இறங்கியிருந்துச்சே அண்ணே. உங்க வண்டியில எவன் கை வைப்பான்? அப்படியே பிளாஸ்டிக் சுத்திப் பெட்டியில இறக்கிட்டோம். கனமாத்தான் இருந்துச்சு. சாம்பிளாச்சே, கூட ஏதாவது வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டோம். லாரியும் கிளம்பிப் போயிடுச்சு."

தேரோட்டி அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட சட்டத்தை இத்தனை வருடம் போலவே அன்றைக்கும் எல்லோரும் அவ்வளவு ஒழுங்காக மதித்திருந்தார்கள்.

லாரி எல்லைக் கேட்டை அடைந்தபோது நடந்ததை லாரி டிரைவர் அதற்குப் பிறகு டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரக்கு ஸ்கேன் மெஷினுக்குள் போனது. திரையில் பெட்டி தெரிந்தது, பெட்டிக்குள் வண்டி, வண்டிக்குள் கூரைக்கு அடியில் தலையும் காலுமாகப் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்ன உருவம். திரை முன்னால் இருந்த பெண் அதிகாரி போட்ட சத்தத்தில் எல்லைக் கேட்டே உறைந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. கடப்பாரையால் பெட்டியைப் பிளந்தார்கள். பிளந்த வேகத்தில் வண்டியின் கைப்பிடி நெளிந்தது, கூரைத் துணி நீளமாகக் கிழிந்தது. அந்தக் கிழிசலுக்குள்ளிருந்து பேனாவில் வரைந்த வாயோடு சின்ன முதலாளி அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

மேனேஜரும் தேரோட்டியும் போனபோது அந்த அதிகாரி தன் அறையில் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் மூட்டை, குல்லாவோடு. தேரோட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது யாரோடது?"

"என்னோடதும்மா."

"சட்டை வேற போட்டு விட்டிருக்கீங்க!"

"என் பொண்ணு தைச்சதும்மா அது."

அதிகாரி திட்ட வாயெடுத்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான்தான் வெளிய எடுத்தேன். மூச்சு இருக்கான்னு தெரியாம, தலைக்குக் கீழ கை கொடுத்துத் தூக்கினேன். தூக்கின அப்புறம்தான் மணல்னு தெரிஞ்சுது. தெரிஞ்ச அப்புறமும் கீழ வைக்க மனசு வரல."

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார் தேரோட்டி. அந்த அம்மாள் அழுதிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. இன்னொருத்தரை இப்படிப் பதற வைத்துவிட்டோமே என்பது ஆர்டர் கவலையையும் தாண்டிக்கொண்டு உறுத்தியது.

"இங்க கையெழுத்துப் போட்டுட்டுக் குழந்தையை... மூட்டையை எடுத்துட்டுப் போங்க."

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்றைய கப்பல் போய்விட்டது. நெளிந்த வண்டியைச் சரிசெய்து, வேறு பெட்டி செய்து, சுங்கப் பத்திரங்களை மறுபடி எழுதி அனுப்புவதற்குள் சாம்பிள் பார்க்கிற நாள் தாண்டிவிட்டது.

புது மாடல் அந்தப் பக்கத்துக்குப் போனது என்ற செய்தி சீக்கிரமே வந்தது. பழைய மாடல் மட்டும் இங்கே தொடரும், அதுவும் பாதி அளவு. யாரும் தேரோட்டியை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. தையல் பெண்கள் கிண்டலை நிறுத்திவிட்டார்கள், அதுதான் அவரைக் கொன்றது. அவர் மூட்டையோடு பேசுவதையும் விட்டுவிட்டார். மேடு வந்தது, கல் வந்தது, படி வந்தது. வாயைத் திறக்காமல் சுற்றினார். வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்து விரலால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

"நீங்க என்ன வேணும்னா பண்ணினீங்க? பொண்ணு விழுந்துட்டான்னா எந்த அப்பன்தான் நின்னு கூரையைத் தூக்கி, பெல்ட்டைக் கழட்டிட்டு ஓடுவான்?" என்று மனைவி கேட்டாள்.

"நான் கழட்டியிருக்கணும்."

"ஆமா, கழட்டியிருக்கணும். பிள்ளை எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு நின்னு நிதானமா கழட்டியிருக்கணும்!" என்று அவள் சண்டைக்கு வந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

மகள் கிளம்புகிற நாள் குறித்தாகிவிட்டது. தொழிற்சாலையில் அவளுக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து தடத்துக்கு வந்தாள். தேரோட்டி வண்டியை நிறுத்தினார். அவள் படியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதே."

"உன்னை எப்ப திட்டியிருக்கேன்?"

"அன்னைக்கு நான் ஏன் மயங்கி விழுந்தேன் தெரியுமா? அவர் போன் பண்ணினார். புது மாடலுக்கு அங்க மெஷின் இறக்கியாச்சு, அவரே கூட நின்னு பொருத்திட்டாராம். எல்லாம் முடிவாகி ரொம்ப நாளாச்சு, சாம்பிள் எல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்னு சொன்னார். வரிக் கணக்கு அப்படியாம். நம்ம வண்டி தங்கத்துல இருந்தாலும் எடுக்க மாட்டாங்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணை இருட்டிடுச்சு."

தேரோட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மூட்டையால ஆர்டர் போகலப்பா. ஆர்டர் போனதாலதான் நான் விழுந்தேன், நான் விழுந்ததாலதான் உன் மூட்டை போச்சு."

"இவ்வளவு நாளா ஏன்டி சொல்லல?"

"அந்த வாரம் பூரா நீ சிரிச்சுக்கிட்டே நடந்தியேப்பா. தையல் மெஷின்ல இருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டே சுத்துவ. அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் மூட்டை விஷயம் ஆச்சு, சொன்னா நீ நம்ப மாட்டேன்னு நினைச்சேன். உன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டுக் கிடந்த. இப்பவும் சொல்லாம போனா நீ இப்படியே சோறு தண்ணி இல்லாம சுத்தியே செத்துப் போயிடுவ." அவள் அழுதுகொண்டே அவர் தோளில் சாய்ந்தாள்.

அவருக்குப் பாரம் இறங்கியதா, ஏறியதா என்று தெரியவில்லை. குற்றம் தன்னுடையதில்லை என்பது நிம்மதிதான். ஆனால் தன் கையில் ஏதோ இருந்தது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாரே, அதுவும் அதோடு போய்விட்டது. கவனமாகத் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் மகள் போயிருப்பாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்புறம், "சாப்பிட்டியா?" என்றார்.

அவள் போனாள். தொழிற்சாலை மூடவில்லை. மேனேஜர் அலைந்து திரிந்து அந்தப் பக்கத்துக் கொட்டகைக்கே கூரைத் துணி தைத்துக்கொடுக்கிற வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழு வண்டி செய்தவர்கள் இப்போது வண்டியின் ஒரு துண்டு செய்தார்கள். பிழைப்பு நடந்தது, பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தேரோட்டி பழைய மாடலை வாரத்தில் பாதி நாள் தள்ளினார், மீதி நாள் துணி மடித்தார். மூட்டையோடு மறுபடி பேச ஆரம்பித்தார். தையல் பெண்களும் மறுபடி சிரித்தார்கள்.

பேத்தி பிறந்த செய்தி போனில் வந்தது. போனில் முகமும் வந்தது. மனைவி அந்தச் சின்னத் திரைக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்தே அதை மங்கலாக்கினாள். அந்தப் பக்கம் போகப் பாஸ் கேட்டு எழுதிப் போட்டது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இரண்டு கேட்டுகளுக்கும் நடுவில் நீளமான ஒரு கூடம் உண்டு. குடும்பங்கள் சந்தித்துக்கொள்ள அங்கே ஒரு மத்தியான நேரம் ஒதுக்குவார்கள். மகள் பிள்ளையை அங்கே கொண்டுவருகிறேன் என்றாள்.

கூடத்தின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. மகள் தள்ளுவண்டியோடு வந்தாள். புது மாடல். சாயம் ஒரு பக்கம் திட்டாகிக் கழித்துப் போட்டதை மாப்பிள்ளை மலிவாக வாங்கியிருந்தார். மனைவி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். தேரோட்டி நேராக முன்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, விரலால் அதைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இந்தச் சக்கரம் கொஞ்சம் ஆடுதே..."

"ஏங்க, பேத்தியைப் பார்க்க வந்தீங்களா, சக்கரத்தைப் பார்க்க வந்தீங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அவர் குனிந்தே இருந்தார். மகளுக்கு அது தெரிந்தது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. "அப்பா, நீ தள்ளு," என்றாள்.

அவர் எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். கை பழகிய அழுத்தத்தில் அழுத்தினார். முன்சக்கரம் இரண்டும் படக்கென்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டார்.

"என்னடி இது, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு! இவ ரொம்ப லேசா இருக்காளே! சரியா பால் குடிக்கிறாளா?"

"பச்சைக் குழந்தை இவ்வளவுதான்பா இருக்கும். நீ இத்தனை வருஷமா தள்ளினது மணல்."

அவர் கைப்பிடியை மறுபடி தொட்டார், விரல் நுனியால். அந்த வண்டிகளோடு எத்தனை ஆயிரம் சுற்று நடந்திருப்பார், வண்டி இவ்வளவு லேசாக நகரும் என்று அவருக்குத் தெரியாது. மிக மிக மெதுவாகத் தள்ளினார். கூடத்தின் தரையில் ஓடு ஒன்று எழும்பியிருந்தது. "மேடு வருது. கெட்டியா பிடிச்சுக்கோ," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அழுகை தணிந்தது. "பயப்படாதே. நான் இருக்கேன்ல." இன்னும் ஒரு சுற்று. குழந்தை தூங்கிவிட்டது. அவர் கூரையை இறக்கி, பிரேக்கை மிதித்தார்.

மனைவி ஆசையாகக் கூரையில் கை வைத்தாள். "தொடாதே, தூங்குறா," என்றார் அவர். சொல்லிவிட்டு ஒரு நொடிகூடப் பொறுக்காமல் தானே அதைத் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். மகளும் மனைவியும் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

நேரம் முடிந்தது. மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கதவை நோக்கிப் போனாள். அதுவரைதான் போகலாம் என்று போட்டிருந்த மஞ்சள் கோடு வரை தேரோட்டி கைப்பிடியில் ஒரு கை வைத்தபடி கூடவே நடந்தார். கோட்டருகே நின்றிருந்தது அதே பெண் அதிகாரி. அவருக்குத் தேரோட்டியை உடனே அடையாளம் தெரிந்தது. வண்டியைப் பார்த்தார், இறங்கியிருந்த கூரையைப் பார்த்தார்.

"கூரையைத் தூக்குங்க," என்றார்.

தேரோட்டி தூக்கினார். அந்த அம்மாள் குனிந்தார். குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்குக் கீழே விரலை நீட்டி, மூச்சு படுகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். பிறகு கூரையைத் தானே மெல்ல இறக்கிவிட்டு நிமிர்ந்தார். முகம் கனிந்திருந்தது.

"இந்தத் தடவை நிஜமாவே குழந்தையைத்தான் அனுப்புறீங்க."

"ஆமாம்மா," என்றார் தேரோட்டி. கை இன்னும் கைப்பிடியை விடவில்லை. "ஆனா இது சாம்பிள் இல்லம்மா. திரும்பி வரணும்."